அணியத்தைத் தாண்டிய மரம்

பாய்க்கப்பல் படம் ஒன்று கையில் கிடைத்தால் யார் கண்ணும் முதலில் பாய்க்குத்தான் போகும். காற்று அடைத்து உப்பிய துணியின் அழகு அப்படி. என் கண் அங்கே நிற்பதில்லை. கப்பலின் முகப்பான அணியத்தைத் தேடிப் போய், அதையும் தாண்டி, தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மரத்தில் நிலைத்துவிடும். கப்பல்காரர்கள் பவ்ஸ்பிரிட் என்று சொல்லும் அந்த மரத்தை இங்கே முன்மரம் என்றே எழுதுகிறேன்.

படகின் உடலில் சேராத மரம் அது. அதில் சரக்கு ஏற்ற முடியாது, ஆள் படுக்க முடியாது. துறையில் கட்டும்போது பக்கத்துப் படகில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல உல்லாசப் படகுத் துறைகளில் அந்த மரத்தின் நுனிவரை அளந்துதான் வாடகை போடுகிறார்கள். இத்தனை இடைஞ்சலும் தெரிந்தே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தன் படகுக்கு ஒருவர் வீட்டு முற்றத்தில் வைத்துத் தன் கையால் ஒரு முன்மரம் செய்து பொருத்துகிறார். நெடுந்தூரக் கடற்பயணத்துக்கென்று சிறு படகு வைத்திருக்கும் பலர் உலகெங்கும் இதைச் செய்கிறார்கள். அந்த வேலையில் கண்ணுக்கு எளிதில் படாத நுட்பங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நின்று பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை.

நான் எழுதுவது ஏற்காட்டிலிருந்து. சேர்வராயன் மலைமேல், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஏரியில் மிதிபடகுகள் சுற்றிவரும் ஊரில் இருந்துகொண்டு கடற்படகைப் பற்றிப் பேசக் காரணம் மரம்தான். இந்த மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. அவற்றின் நேர்த்தியைப் பார்க்கும்போதெல்லாம் இதில் ஒரு முன்மரம் எடுக்கலாமா என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில், அந்த மரம் எதற்கு என்று பார்த்துவிடலாம்.

பாயின்மேல் படும் காற்றின் விசையெல்லாம் ஒரு புள்ளியில் குவிவதாகக் கொள்ளலாம். படகு பக்கவாட்டில் வழுக்காமல் தண்ணீர் தாங்கிப் பிடிக்கும் விசைக்கும் அப்படி ஒரு புள்ளி உண்டு. பாயின் புள்ளி இருக்கவேண்டிய இடத்தைவிடப் பின்னால் போய்விட்டால், படகு ஓயாமல் காற்று வரும் பக்கமாகவே முகத்தைத் திருப்பும். இந்தக் குணம் கொஞ்சம் இருப்பது நல்லது. சுக்கான் கைநழுவினால்கூடப் படகு தானே காற்றை நோக்கித் திரும்பி, வேகம் குறைந்து நின்றுவிடும். அளவு மீறினால்தான் தொல்லை. சுக்கானை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தே உட்கார்ந்திருக்க வேண்டும். கை ஓய்ந்துபோகும். அதைவிட மோசம், சாய்ந்து நிற்கும் சுக்கான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருவதால் படகின் வேகமும் போகும்.

பரிகாரமாகப் பெரிய பாயை வெட்டிச் சிறிதாக்கலாம், ஆனால் மெல்லிய காற்றில் படகு நகராது. பாய்மரத்தையே முன்னால் நகர்த்தலாம், அதற்குத் தளத்தைப் பிரித்துப் படகின் எலும்புவரை போக வேண்டும். முன்மரம் வைத்தால் இரண்டும் வேண்டாம். முன்பாயின் அடிமுனை இரண்டு மூன்று அடி முன்னே போகிறது. நெம்புகோலின் கடைசி முனையில் வைத்த விசை அது. சிறு துணியும் பெரிய வேலை செய்யும். பின்னால் எதையும் குறைக்காமல் முன்னால் ஒரு மரத்தை நீட்டிப் படகின் குணத்தையே மாற்றிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் கட்டிய சிறு படகுகளில் இந்த நயத்தை உலகம் அறியக் காட்டியது சுஹைலி. 1963-64இல் பம்பாயில், இந்தியத் தேக்கில், வாய்ச்சியும் வில் கட்டி இழுக்கும் துரப்பணமும் வைத்து நம் தச்சர்கள் கட்டிய படகு. கட்டச் சொன்னவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளம் கப்பல் அதிகாரி. வரைபடம் அமெரிக்க வடிவமைப்பாளர் வில்லியம் அட்கின் 1920களில் வரைந்த ‘எரிக்’ படகினுடையது. அதற்கும் மூலம் நார்வேக் கடலில் மீனவரைக் காப்பாற்ற காலின் ஆர்ச்சர் வடிவமைத்த மீட்புப் படகுகள். முன்னும் பின்னும் கூர்ந்து முடியும் தடித்த உடல். அந்த உடலின் நீளம் 32 அடிக்குச் சற்றே மேல். ஆனால் முன்னால் நீட்டிய மரத்தையும் பின்னால் நீட்டிய சிறு மரத்தையும் சேர்த்து அளந்தால் 44 அடி. அதாவது நீளத்தில் கால் பங்குக்கு மேல் படகின் உடலுக்கு வெளியே, வெறும் மரமாக நிற்கிறது.

1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பி, எங்கும் கரை தொடாமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர். இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது வழியில் நடந்த ஒன்று. ஆள் இல்லாமலே சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் கருவி ஆஸ்திரேலியப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் உடைந்து உதவாமல் போனது. அதன்பிறகு பாய்களை முன்னும் பின்னுமாகக் கூட்டிக் குறைத்து, சமன் செய்து, படகைத் தானாகவே வழி பிடிக்க வைத்தார். அவர் தூங்கும்போதும் படகு போய்க்கொண்டிருந்தது. 32 அடி உடலுக்கு 44 அடித் தூரத்தில் பாய்களைப் பரப்பி வைத்திருந்ததால்தான் அந்தச் சமன் அவ்வளவு நுட்பமாகக் கிடைத்தது என்பது என் எண்ணம். தராசுக் கோல் நீண்டால் குன்றிமணி எடையும் தெரியும் அல்லவா?

அந்தச் சுஹைலியை அச்சாக வைத்து 2017இல் கோவாவில், ரத்னாகர் தாண்டேகரின் அக்வேரியஸ் கட்டுமானத் துறையில், தனியாக உலகைச் சுற்றக் கிளம்பிய இந்தியக் கடலோடி அபிலாஷ் டாமிக்காகத் ‘துரியா’ கட்டினார்கள். 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் அதன் பாய்மரங்கள் முறிந்து அவர் முதுகு அடிபட்டு, மூன்று நாளுக்குப் பின் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து காப்பாற்றியது பலருக்கு நினைவிருக்கும். அரை நூற்றாண்டு கழித்தும் அதே தேவைக்கு அதே உருவம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இனி மரத்துக்கு அருகே போவோம். பார்த்தால் முன்மரம் தன் வலிமையால் அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அதைச் சுற்றியிருக்கும் கம்பிகள்தாம் நிறுத்துகின்றன. பாய்மர உச்சியிலிருந்து வரும் கம்பி அதன் நுனியை மேலே இழுக்கிறது. அணியத்தின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து ஒரு கம்பியோ சங்கிலியோ நுனியைக் கீழே இழுக்கிறது. இரண்டு பக்கத்துக் கம்பிகள் இடவலமாக அசையாமல் பிடிக்கின்றன. மரம் நான்கு பக்கமும் இழுபட்டு, நடுவே நெருக்கப்பட்டு நிற்கிறது. மரத்துக்கு நாரோட்டத்தின் வழியே நெருக்கத்தைத் தாங்கும் சக்தி அதிகம். அதனால்தான் கையளவு தடிமனுள்ள ஒரு கட்டை, கடலின் முழு முரட்டுத்தனத்துக்கும் ஈடுகொடுக்கிறது.

கீழே இழுக்கும் கம்பியின் கோணத்தில்தான் செய்பவரின் அறிவு தெரியும். நுனியை 500 கிலோ விசை மேலே தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கம்பி மரத்தோடு 30 பாகைக் கோணத்தில் இருந்தால் அதன்மேல் விழும் இழுவை 1,000 கிலோ. கோணம் 15 பாகையாகச் சுருங்கினால் 1,930 கிலோ. அதே காற்று, அதே பாய். கோணம் பாதியானதால் சுமை ஏறக்குறைய இரட்டிப்பு. தாழ்ந்த அணியமுள்ள படகில் ஆசைக்கு நீளமாக மரம் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மரம் நீள நீளக் கோணம் சுருங்கும். பெரிய பாய்க்கப்பல்களில் முன்மரத்தின் அடியில் ஒரு சிறு கழி நட்டுக்குத்தலாகத் தொங்குவதைப் படங்களில் பார்க்கலாம். கீழ்க்கம்பியை அது தள்ளிப் பிடித்துக் கோணத்தை விரிக்கிறது. முன்மரத்தையே சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைப்பதும் இதே காரணத்துக்கு உதவும். அலையில் நுனி குத்தாமலும் இருக்கும். தளத்தின் விளிம்புக் கோடு அணியத்தில் எவ்வளவு ஏறி வருகிறதோ அதே ஏற்றத்தில் முன்மரமும் தொடர்ந்தால், படகு முழுவதும் ஒரே இழுப்பில் வரைந்த கோடாகத் தெரியும். அந்த ஏற்றம் ஒரு விரற்கடை தவறினாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

செய்முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம், சதுரக் கட்டை உருளையாகும் கட்டம். முதலில் நேரான சதுரக் கட்டை. 12 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் தோய்த்த நூலை நடுக்கோட்டில் இழுத்து அடித்து, அதிலிருந்து இருபுறமும் அளந்து, நுனிநோக்கி மெலியும் வடிவத்தை வரைந்து செதுக்குகிறார்கள். தடிமன் எங்கும் ஒரே அளவாக இருக்காது. மரம் படகின் முகப்பைவிட்டு வெளியேறும் இடத்தில் மிகத் தடிப்பு. அங்கிருந்து நுனிக்குப் போகப்போக முக்கால் பங்காக மெலியும். உள்ளே அடிநோக்கியும் சற்று மெலியும். முறிக்கும் விசை எங்கே அதிகமோ அங்கே சதை, மற்ற இடங்களில் குறைப்பு.

சதுரத்தை எண்பட்டை ஆக்க ஒரு சிறு கருவி உண்டு. அதை எந்தக் கடையிலும் வாங்க வேண்டியதில்லை. ஒரு சட்டத்தின் இரு முனையில் இரண்டு ஆணி. ஆணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை 24 பங்காக்கி, ஒரு முனையிலிருந்து 7ஆம் பங்கிலும் 17ஆம் பங்கிலும் இரண்டு பென்சில் முனைகள். ஏழு, பத்து, ஏழு. சட்டத்தைக் கட்டையின்மேல் குறுக்கே வைத்து, இரு ஆணிகளும் இரு விளிம்புகளையும் தொடும்வரை சாய்த்து, அப்படியே இழுத்துக்கொண்டு போனால் போதும். பென்சில்கள் இரண்டு கோடு கிழிக்கும். கட்டை மெலியும் இடத்தில் சட்டம் தானாக இன்னும் கொஞ்சம் சாயும். கோடுகளும் அதே விகிதத்தில் நெருங்கும். கணக்குப் போடாமல், அளக்காமல், மெலிந்துபோகும் மரம் முழுவதும் சரியான எண்கோணத்தின் கோடு விழுந்துவிடுகிறது.

சரியான எண்கோணம் என்றா சொன்னேன்? நூலிழை வித்தியாசம் உண்டு. 12 சென்டிமீட்டர் சதுரத்தில் உண்மையான எண்பட்டையின் பக்கம் 4.97 சென்டிமீட்டர். இந்தச் சட்டம் தருவது 5. வேறுபாடு 0.3 மில்லிமீட்டர்; தச்சர் பென்சில் கிழிக்கும் கோட்டின் தடிப்புக்குள் அடங்கிவிடும். மூன்று முழு எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியிருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் குளிர்கிறது.

கோடுவரை மூலையைச் செதுக்கினால் எண்பட்டை. எட்டு விளிம்புகளையும் இழைத்தால் பதினாறுபட்டை. அதற்குமேல் கருவி வேண்டாம், கைதான். இழைப்புளியை மெல்ல ஓட்டிவிட்டு, உப்புத்தாளைக் குறுக்கே சுற்றி இழுத்து உருட்டுகிறார்கள். எங்காவது பட்டை மிச்சமிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மரத்தின்மேல் ஓட்டினால் மில்லிமீட்டரில் பாதி மேடும் தட்டுப்படும்.

முழு மரமும் உருளையாகிவிடுவதில்லை. படகுக்குள் இருக்கும் அடிப்பகுதி சதுரமாகவே நிற்கும். தளத்தில் ஊன்றிய இரண்டு கனத்த கட்டைகளுக்கு நடுவே அது அமர வேண்டும். உருளையாக இருந்தால் சுழன்றுவிடும். சதுரத்துக்கு முன்னே கொஞ்சதூரம் எண்பட்டை. அதற்கு முன்னே, கயிறு உராயும், அலை அடிக்கும் வெளிப்பகுதி உருளை. நம் ஆகமச் சிற்பிகள் சிவலிங்கத்தை இதே வரிசையில்தான் செதுக்குகிறார்கள். பூமிக்குள் மறையும் அடி சதுரம், அது பிரம்ம பாகம். ஆவுடையாருக்குள் அமர்வது எண்கோணம், விஷ்ணு பாகம். வெளியே நாம் கும்பிடுவது வட்டம், ருத்ர பாகம். அங்கே தத்துவம் வேறு, இங்கே தேவை வேறு. ஆனாலும் சதுரத்திலிருந்து வட்டத்துக்குப் போக எண்பட்டையைத் தாண்டி வேறு வழியில்லை என்பது கல்தச்சருக்கும் மரத்தச்சருக்கும் பொது. நிலைபெற வேண்டிய இடத்தில் சதுரமும், வெளியைச் சந்திக்கும் இடத்தில் வட்டமும் இருவர் வேலையிலும் அமைந்திருப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நல்ல தச்சரின் கை தெரிவது ஒன்று மற்றொன்றாக மாறும் இடத்தில். அவசரக்காரர் சதுரத்தைச் சட்டென்று வெட்டி நிறுத்திவிடுவார். அங்கே ஒரு கூர்மூலை உண்டாகும், ஈரம் தங்கும், விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். பொறுமையுள்ளவர் உளியைச் சாய்த்துப் பிடித்து, வெட்டின் ஆழத்தை இழைஇழையாகக் குறைத்துக்கொண்டே போய், ஒன்றுமில்லாமல் முடிப்பார். நான்கு மூலையிலும் நான்கு நீண்ட நாக்குகள் ஒரே அளவில் படிந்திருக்கும். பார்வைக்குப் பூவேலை. விசைக்கோ, ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்துக்குத் தடையின்றி இறங்கும் சாய்தளம்.

இப்போது ஏற்காட்டு மரத்துக்கு வருவோம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று கிழக்கு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் பின்னர் பரவியது. நிழலை ஒழுங்குபடுத்தப் பக்கக் கிளைகளைக் கழித்துக்கொண்டே வருவதால் நடுமரம் வெளிச்சம் தேடி விடுவிடுவென்று மேலே போகிறது. மிளகுக்கொடி அதைப் பற்றி ஏறுகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் முன்மரம் செய்யவென்றே வளர்ந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அருகே போனால் கழித்த கிளை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு கணுவை விட்டுப் போயிருக்கும். நெருக்கத்தைத் தாங்கும் கட்டையில் விளிம்போரக் கணு இருந்தால் அங்கேதான் மடியும். பட்டையின் வரிவெடிப்பு நேராக ஓடுகிறதா, திருகி ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வரி திருகினால் உள்ளே நாரோட்டமும் திருகும். அப்படிப்பட்ட மரம் காயக்காயத் தானும் முறுக்கிக்கொள்ளும். இந்தச் சோதனைகளில் தேறும் சில்வர் ஓக்கும் உண்டு. ஆனால் ஈரமும் வெயிலும் மாறிமாறிப் படும் கடலில் அது நெடுநாள் தாங்காது. வீட்டுக்குள் பலகையாக இருக்கட்டும். அலைக்கு முன்னே நிறுத்த மனம் வரவில்லை.

நம் பக்கத்தில் பாய்மரத்துக்குப் பேர்போன மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப்புன்னை. ‘பூன்’ என்ற பெயரில் வெள்ளைக்காரர் காலத்துக் கப்பல் கட்டும் துறைகளுக்கு அது போனது. நேராக, உயரமாக, கணு குறைவாக வளரும். குட்டையான முன்மரத்துக்கு வைரம் பாய்ந்த தேக்கும் நல்லதே. எடைதான் கொஞ்சம் இடிக்கும். 12 சென்டிமீட்டர் தடிமனில் இரண்டரை மீட்டர் தேக்கு உருளை ஏறத்தாழ 18 கிலோ வரும். படகின் நடுவில் 18 கிலோ ஒரு பொருட்டல்ல. முகத்துக்கு முன்னே இரண்டு மீட்டர் நீட்டி வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் படகைத் தலைகுனிய வைக்கும். மெலியச் செதுக்குவதன் அருமை இங்கே இன்னும் புரியும். ஒற்றைக் கட்டை கிடைக்காதவர்கள் மூன்று நான்கு பலகைகளை எபாக்சிப் பசையால் ஒட்டிக்கொள்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் வளர்வளையங்கள் எதிரெதிராக இருக்கும்படி திருப்பி வைத்து ஒட்டினால், ஒன்று வளைய நினைக்கும் திசைக்கு மற்றது இடம் கொடுக்காது. ஒற்றைக் கட்டையைவிட இது நம்பகமானது என்றே சொல்வேன், அழகில் ஒரு மாற்றுக் குறைந்தாலும்.

தமிழ்க் கரையில் படகு கட்டும் ஓடாவிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. தூத்துக்குடித் தோணிகளின் பழைய புகைப்படங்களில் அணியத்தை விட்டு நீண்டு நிற்கும் முன்மரத்தையும் அதில் கட்டிய முக்கோணப் பாய்களையும் காணலாம். விலா வங்குகளுக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலங்கட்டையைத் தேடிப் போகிறவர்கள் அவர்கள். வளைவுக்கு வளைந்த மரம், நேருக்கு நேர்மரம் என்று காட்டிலேயே தேர்ந்துவிடுவார்கள். இந்தக் கைகளின் உச்சம் என்று நான் கொண்டாடுவது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல். 89 அடி நீளம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி, 32 அடி ‘ஸ்வாப்’ படகில் உலகைச் சுற்றி வந்தவர், இந்தக் கப்பலை விரும்பி வாங்கினார். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். தண்டையல் தம்பிப்பிள்ளை தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் வழியாக ஓட்டிக்கொண்டு போய், 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள்.

குளோஸ்டர் என்ற அந்த ஊர் முன்மரத்தின் வரலாற்றில் கனத்த பெயர். அங்கிருந்து மீன்பிடிக்கப் போன ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல்களில் குளிர்காலப் புயலில் முன்பாயைச் சுருட்ட ஆட்கள் முன்மரத்தின்மேல் ஏறிப் போக வேண்டும். அணியம் அலைக்குள் மூழ்கி எழும்போது மரத்தோடு சேர்ந்து அவர்களும் மூழ்கி எழுவார்கள். சில சமயம் மரம் மட்டும் எழும். மாலுமிகள் அந்த மரத்துக்குத் தாலியறுப்பான் என்று பொருள்படும் பெயரே வைத்திருந்தார்கள். இந்தச் சாவுகளைத் தடுக்க டாமஸ் மெக்மானஸ் என்ற வடிவமைப்பாளர் முன்மரமே இல்லாமல், அணியத்தையே நீட்டி வரைந்த ‘ஹெலன் பி. தாமஸ்’ ஸ்கூனர் 1902இல் கடலில் இறங்கியது. மற்ற ஸ்கூனர்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தன. ஒரு மரத்தை எடுத்ததால் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்தது. முன்மரத்தின் அழகைப் பேசும் எவரும் இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆகவே இன்று தன் படகுக்கு முன்மரம் செய்பவரின் வேலையில் நான் முதலில் தேடுவது, அங்கே ஆள் போகாமல் இருக்க என்ன செய்திருக்கிறார் என்பதை. பாயைப் பின்னால் இருந்தே கயிறிழுத்துச் சுருட்டும் உருளை இருந்தால் பாதிக் கவலை போயிற்று. அப்படியும் ஆள் போக நேர்ந்தால் கால் ஊன்ற மரத்தின் மேல்முகத்தில் ஒரு பலகை, பிடித்துக்கொள்ளக் கம்பிக் கைப்பிடி, அடியில் வலை. வலையின் கண்கள் பாதம் நுழையாத அளவு சிறிதாகவும், அலை அடித்தால் தண்ணீர் தங்காத அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும்.

நுனியில் இருக்கும் இரும்பு வளையத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பார்த்ததற்கே அர்த்தமில்லை. நான்கு காதுகள் உள்ள வளையம். மேலே பாய்மரக் கம்பி, கீழே நீர்மட்டக் கம்பி, இருபுறமும் பக்கக் கம்பிகள். நான்கு விசையும் சந்திக்கும் அந்த இடத்தில் மரத்தைத் துளைத்து ஆணி அடித்தால் மரம் பலவீனப்படும். அதனால் நுனியில் ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் நீளத்துக்கு மரத்தைச் சுற்றிலும் சற்றே குறைத்து, ஒரு தோள் விட்டுச் செதுக்குகிறார்கள். வளையம் நுனியிலிருந்து ஏறி அந்தத் தோளில் போய் இடித்து நிற்கும். கம்பிகள் எல்லாம் பின்னோக்கி இழுப்பவை. காற்று பலமாக அடிக்க அடிக்க வளையம் தோளின்மேல் இன்னும் இறுக்கமாக உட்காரும். ஓர் ஆணி இல்லை, திருகு இல்லை. கழன்றுவிடுமோ என்று பயப்பட வைக்கும் விசையே கழலாமல் பிடித்துவைக்கிறது. முழு முன்மரத்திலும் இதற்கு நிகரான நயம் இல்லை என்பது என் தீர்ப்பு.

ஏற்காட்டுக் கொண்டையூசி வளைவில் நின்று சேலத்துப் பக்கம் பார்த்தால் தெரியும் கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறது. இன்றைய முன்மரங்களின் வளையமும் பட்டையும் அந்த இன எஃகில்தான் செய்யப்படுகின்றன. அதன் பெயரை நம்பி மெத்தனமாக இருக்கக்கூடாது. அந்த எஃகைக் காப்பது அதன்மேல் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டு உண்டாகும் மெல்லிய படலம். காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் படலம் அறுந்து, வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே குழிவிழும். கீழ்க்கம்பியை நீர்மட்டத்தில் பிடிக்கும் பட்டையின் திருகுகளும், பிளாஸ்டிக் உறை மாட்டிய கம்பி முனைகளும் அப்படித்தான் திடீரென்று அறும். உறை மாட்டாமல், கண்ணுக்குத் தெரியும்படி விட்டிருக்கும் கம்பியைப் பார்த்தால் செய்தவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

மரத்துக்கு ஆபத்து வருவது நுனியில் அல்ல, அடியில். அலை அடிக்கும் நுனி வெயிலில் காய்ந்துவிடும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே புதைந்திருக்கும் சதுர அடியில் மழைநீர் இறங்கி, நாரின் வெட்டுமுகம் வழியாக உள்ளே ஏறும். கடல்நீர் ஓரளவு மரத்தைப் பதப்படுத்தும். உளுக்க வைப்பது மழைநீர். விவரம் தெரிந்தவர்கள் அந்த வெட்டுமுகத்தைப் பசையோ ஆளிவிதை எண்ணெயோ குடிக்கும் மட்டும் குடிக்க வைத்து மூடுகிறார்கள். பிறகு அடி அமரும் குழியின் தரையில் சுண்டுவிரல் அளவு ஒரு துளை போட்டு, தண்ணீர் தளத்துக்கு வழிந்துவிடச் சாய்த்து விடுகிறார்கள். வார்னிஷ் பூசி முடித்த பிறகு இந்தத் துளை வெளியே தெரியாது. பாசியும் தூசியும் சேர்ந்து அடைபடும் இடம் அது. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு கம்பியை விட்டுக் குத்தி, ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றி, மறுபுறம் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.